பட்டறிவு யாருடைய உடைமை?

எழுதத் தொடங்குவோரை முதலில் வருத்துவது பெரும்பாலும் பொருட்பஞ்சமே. தாள் இருக்கிறது, எழுதுகோல் இருக்கிறது, எழுத வேண்டும் என்னும் வேட்கையும் நெஞ்சை உந்துகிறது. ஆயினும், எதை எழுதுவது என்பது மட்டும் புலப்படுவதில்லை. மலேசிய, சிங்கைத் தமிழிலக்கியத்திற்கும் இந்த இடர்ப்பாடு புதியதன்று. 1950ஆம் ஆண்டில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'தமிழ் நேசன்' நாளிதழ் வாயிலாகக் கதை வகுப்பு நடத்தி, எழுத விழைந்தவர்களுக்குச் சிறுகதைப் பயிற்சி அளித்தனர். அக்காலத்திற்கு முன் இங்கு எழுந்த கதைகள் பலவற்றுக்குத் தமிழகத்துச் சிற்றூரே களமாக அமைந்தது. கடல் கடந்து வந்தவரின் கண் முன்னே பால்மரம் நின்றது. கதையில் ஆலமரம் நின்றது. நாளடைவில்தான், காலடியில் கிடக்கும் வாழ்க்கையை எழுத வேண்டும் என்ற உணர்வு இங்கே வேரூன்றியது.

"சொந்தப் பட்டறிவிலிருந்து எழுது" என்பது இன்று எல்லா எழுத்துப் பயிலரங்குகளிலும் கேட்கும் அறிவுரை. அது நல்ல அறிவுரைதான். ஆனால், அவ்வறிவுரையில் வரும் 'சொந்த' என்னும் சொல்லை யாரும் நின்று நோக்குவதில்லை. ஒருவன் தனியே பிறப்பதில்லை, தனியே வளர்வதில்லை, தனியே துன்புறுவதும் அரிது. அவன் பட்டறிவு என்று சொல்வதில் தாய் இருக்கிறாள், உடன்பிறந்தார் இருக்கின்றனர், அடுத்த வீட்டுக்காரர் இருக்கிறார், பகைத்தவரும் பரிந்தவரும் இருக்கின்றனர். அவ்வாறாயின், அந்தப் பட்டறிவை அவன் ஒருவனே எடுத்து ஆளும் தனியுடைமையாகக் கொள்ளலாமா? எழுத்துத் தொழிலில் ஈடுபடும் ஒவ்வொருவரும் என்றேனும் ஒரு நாள் விடை காண வேண்டிய அறவினா இது.

நிகழ்ச்சியும் பட்டறிவும்

முதற்கண், நிகழ்ச்சி வேறு, பட்டறிவு வேறு என்பதை உணர்தல் வேண்டும். நிகழ்ச்சி எல்லார்க்கும் நேர்கிறது. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையில் ஏறி, மங்குகளில் பால் சொட்டக் கண்டு, ஒட்டுப்பாலைச் சுருட்டிக் கூடையிலிட்டு முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் பல்லாயிரவர். அவர்கள் எல்லாருக்கும் நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், ஒருவருடைய நெஞ்சில் நிலைத்தது மற்றவருடைய நெஞ்சில் நிலைத்ததன்று. ஒருத்திக்கு, கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுத் திரும்பியபோது கேட்ட அழுகுரல் நிலைத்திருக்கும். இன்னொருவருக்கு, எடை போடும் இடத்தில் தம் பால் குறைத்து எழுதப்பட்டதைக் கண்டும் வாய் திறவாமல் நின்ற ஒரு பகல் நிலைத்திருக்கும். நடந்தது நிகழ்ச்சி, நடந்த பின்னும் நெஞ்சை விட்டு அகலாமல், 'ஏன் அப்படி நேர்ந்தது? நாம் ஏன் அப்படி நின்றோம்?' என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான் பட்டறிவு.

எனவே, கதைக்கும் கட்டுரைக்கும் கரு தேடுவோர் தம் வாழ்வில் நடந்த பெரிய நிகழ்ச்சிகளைப் பட்டியலிட வேண்டுவதில்லை. விடை கிடைக்காமல் நிற்கும் வினாக்களைத் தேடினால் போதும். தீர்க்கப்படாத நன்றிக்கடன் ஒன்று இருக்கும். யாரிடமும் சொல்லாத நாணம் ஒன்று இருக்கும். சிறு வயதில் பெரியோர் பேசிக்கொண்டதைக் கேட்டும் பொருள் விளங்காது விட்ட சொல் ஒன்று இருக்கும். பெரும்பாலான நல்ல எழுத்துகள் இத்தகைய இடங்களிலிருந்தே பிறக்கின்றன.

இவ்வினாக்கள் முதிர்வதற்குக் காலமும் வேண்டும். ப. சிங்காரம் இளைஞராய் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வந்து, போர்க்காலத்தின் கொடுமைகளை நேரில் கண்டு, 1946ஆம் ஆண்டு தமிழகம் திரும்பியவர். மேடானும் பினாங்கும் உயிரோட்டத்துடன் விளங்கும் அவருடைய 'புயலிலே ஒரு தோணி' நூலாக வெளிவந்தது 1972இல். இடையே கால் நூற்றாண்டு கழிந்திருந்தது. கண்டதைக் கண்ட மறுநாளே எழுதினால் அது செய்தியாகலாம். நெஞ்சில் ஊறிய பின் எழுதினால்தான் இலக்கியமாகும் வாய்ப்பு உண்டு.

பட்டவரே எழுத வேண்டுமா?

அங்ஙனமாயின், பட்டவர் மட்டுமே எழுதத் தகுதி உடையவரா என்ற வினா எழும். பாரதியார் பிஜித் தீவுக்குச் சென்றவரல்லர். ஆயினும், அங்குக் கரும்புத் தோட்டங்களில் உழன்ற பெண்களின் துயரை அவர் பாடினார். இன்றும் அப்பாடல் படிப்போரை உலுக்குகிறது. மலேசியாவுக்கு வந்து சென்ற அகிலன், தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை வைத்துப் 'பால்மரக் காட்டினிலே' என்னும் நாவலைப் படைத்தார். பிறர் துன்பத்தைக் கேட்ட அளவில் தன் துன்பமாகக் கொள்ளும் நெஞ்சுக்கு அதுவும் பட்டறிவே. ஆகவே, உள்ளிருந்தவர்க்கு மட்டுமே எழுதும் உரிமை உண்டு என்பது குறுகிய நோக்கு.

ஆனால், உள்ளிருந்து எழுதுபவருக்கும் வெளியிலிருந்து எழுதுபவருக்கும் பொறுப்பில் ஒரு வேறுபாடு உண்டு. வெளியிலிருந்து வருபவர் தமக்குத் தெரியாது என்பதை அறிவார், ஆகையால் கேட்கிறார், குறித்துக்கொள்கிறார், சரிபார்க்கிறார். உள்ளிருப்பவரோ தமக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறார். ஆகையால் யாரையும் கேட்பதில்லை. சொந்தப் பட்டறிவை எழுதுவதில் உள்ள பேரிடரும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டு கொள்வோம். தோட்டத்து லயத்தில் பிறந்த ஒருவன் படித்து முன்னேறி, எழுத்தாளனாகவும் ஆகிறான். அவனுடைய அக்காள் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு, பின்னர்த் தானும் பால்வெட்டுக்குப் போய், அவன் படிப்புக்கு உதவியவள். அவளை வைத்து அவன் ஒரு கதை எழுதுகிறான். அக்கதையில் அவள் தியாகத்தின் திருவுருவாக நிற்கிறாள். தன் படிப்பைத் தம்பிக்காகத் தானே துறக்கிறாள். கதை பாராட்டப்படுகிறது, பரிசும் பெறுகிறது. ஒரு நாள் அவளுடைய மகள் அக்கதையைப் படித்துக் காட்டுகிறாள். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொல்கிறாள்: "கதை நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. ஆனால், நான் எங்கே விட்டுக்கொடுத்தேன்? என்னை யாரும் கேட்கவில்லையே! ஒரு நாள் காலையில் பையை எடுத்தேன். அம்மா வாங்கி மாட்டிவிட்டார். அவ்வளவுதான்."

இந்தக் கதையில் எழுத்தாளன் பொய் எழுதவில்லை. அவன் நினைவில் நின்றதைத்தான் எழுதினான். ஆனால், அந்த நினைவு அவனுக்கு வசதியான நினைவு. அக்காள் தானே துறந்தாள் என்றால், அவன் நன்றி சொன்னால் போதும். அவளைக் கேளாமலே நிறுத்தினார்கள் என்றால், அவன் பெற்ற கல்வி வேறொருவரிடமிருந்து எடுத்துத் தரப்பட்டது ஆகிறது. முன்னது அவனை நெகிழச் செய்யும். பின்னது அவனை உறங்கவிடாது. எது உயர்ந்த இலக்கியத்தின் கரு என்று சொல்ல வேண்டுவதில்லை. அவளைக் கேட்டிருந்தால் அது அவனுக்குக் கிடைத்திருக்கும்.

பட்டறிவில் பங்குடையவரைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதுவே முதற்காரணம். ஒரே நிகழ்ச்சியில் நின்றவர் இருவர் என்றால் பட்டறிவும் இரண்டு. எழுதத் தெரிந்தவனிடம் ஒன்றுதான் இருக்கிறது. எழுதத் தெரியாதவரிடம் மற்றொன்று இருக்கிறது. பொருள் இல்லையே என்று வருந்துவோர், தம் வீட்டிலேயே தாம் கேளாத மற்றொரு பாதி காத்திருப்பதை அறியார்.

எழுதாமல் சென்றவர்கள்

கேட்பதற்குக் காலம் தாழ்த்தினால், கேட்கப்பட வேண்டியவர் இல்லாமற் போவர். இந்நாட்டுத் தமிழர் வரலாற்றில் இதற்குச் சயாம் மரண இரயிலைவிடப் பெரிய சான்று இல்லை. 1942ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதைக்கு, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டனர். பசியும் காலராவும் மலேரியாவும் அவர்களைக் கூட்டங்கூட்டமாக வீழ்த்தின. அங்கிருந்த நேச நாட்டுப் போர்க்கைதிகளில் எழுத்தறிவுடையோர் பலர், அவர்கள் மறைவாக நாட்குறிப்பு எழுதினர், படம் வரைந்தனர், போர் முடிந்தபின் நூல்கள் வெளியிட்டனர். தோட்டத்திலிருந்து சென்றவர்களோ பெரும்பாலும் ஏடறியாதவர்கள். திரும்பி வந்தவர்கள் அந்தி வேளைகளில் லயத்துத் திண்ணையில் சொன்ன சொற்களே அவர்கள் விட்டுச் சென்ற ஏடுகள். அவற்றைக் கேட்டவர் கேட்டனர். கேளாதவர்க்கு அவை காற்றோடு போயின.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வெளிவந்தது 1993இல். பாதை முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அ. ரெங்கசாமியும் 'நினைவுச் சின்னம்' நாவலில் அத்துயரை எழுதினார். இத்தகைய படைப்புகள் இல்லையேல், அந்தப் பல்லாயிரவரின் பாடு தமிழில் பெரிதும் பதிவற்றுப் போயிருக்கும். இங்கே எழுத்தாளன் உடைமையாளன் அல்லன். பிறர் ஒப்படைத்துச் சென்றதைக் காப்பவன். ஒப்படைத்தவர் திரும்பி வந்து கணக்குக் கேட்கப் போவதில்லை. கணக்குக் கேட்பார் இல்லாத இடத்தில்தான் காப்பவனின் நேர்மைக்கு உண்மையான சோதனை.

அகமும் புறமும்

இதற்கு ஒரு மறுப்பும் உண்டு. எல்லாரிடமும் கேட்டு, எல்லாரும் இசைந்த பின்னரே எழுத வேண்டும் என்றால் எவரும் எதையும் எழுத முடியாது. கொடுமை செய்தவன் தன் கொடுமையை எழுத இசைவானா? எடையைக் குறைத்து எழுதிய கிராணி, தொழிலாளரை மிரட்டிய கங்காணி, குடிமக்கள் அல்லாதாருக்கு 1969ஆம் ஆண்டுக்குப் பின் வேலை உரிமச் சிக்கல் எழுந்தபோது அவர்களின் அச்சத்தைக் காசாக்கிக் கொண்டவர் யாரேனும் இருப்பின் அவர், இவர்களெல்லாம் 'எங்களைப் பற்றி எழுதாதே' என்றால் எழுத்தாளன் பேனாவை மூடிவிடலாமா? மூடினால், கேட்பது என்னும் நல்லறமே கொடுமைக்குக் காவலாகிவிடும்.

இம்மறுப்பு வலுவுடையது. ஆயினும், இதற்கு விடை கூறத் தமிழ் மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. அன்பின் ஐந்திணையைப் பாடும்போது தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த நெறி. காதலும் பிரிவும் ஊடலும் பாடப்படலாம்; அவை யாருடையவை என்று அடையாளம் காட்டுதல் கூடாது. புறத்திணைக்கு அத்தடை இல்லை. மன்னன் கொடுத்தான் என்றாலும், கொடாது விடுத்தான் என்றாலும், புலவர் பெயர் சொல்லியே பாடினர்.

இந்நெறி எவ்வளவு கண்டிப்பாகப் போற்றப்பட்டது என்பதற்கு நெடுநல்வாடை சான்று. பாசறையில் தலைவன்; அரண்மனையில் பிரிவால் வாடும் தலைவி; பாட்டு முழுவதும் அகத்தின் சாயலே. ஆயினும், அதில் வரும் வேலில் வேம்பின் தழை கட்டப்பட்டிருக்கிறது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளம். அந்த ஓர் அடையாளத்தால் இன்னார் என்று தெரிந்துவிடுகிறது. ஆகவே, இப்பாட்டு அகமாகாது, புறமே என்றார் நச்சினார்க்கினியர். பெயர் சொல்லப்படவில்லை, ஒரு தழை போதுமானதாயிற்று. பெயரை மாற்றிவிட்டால் கடமை தீர்ந்தது என்று எண்ணும் இக்கால எழுத்தாளர் இதை நினைத்துப் பார்த்தல் நலம். மலேசிய, சிங்கைத் தமிழ்ச் சமுதாயம் சிறியது. கதையில் வரும் பெண்ணுக்கு வேறு பெயர் இட்டாலும், அவள் இருந்த ஊரும், கணவன் செய்த வேலையும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் மாறாமல் இருந்தால், நூல் வெளியீட்டு விழாவிலேயே அவள் இன்னாள் என்பது மண்டபம் முழுவதும் தெரிந்துவிடும். அவளுக்கு அந்தச் செய்தி கடைசியாகத்தான் போய்ச் சேரும்.

நக்கண்ணையாரையும் இங்கே நினைவுகூரலாம். போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது தாம் கொண்ட ஒருதலைக் காதலை அவர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. தம் நெஞ்சைத் தாமே திறந்து காட்ட அவர் அஞ்சவில்லை. அவ்வுரிமை யாவர்க்கும் உண்டு. ஆனால், தன் நெஞ்சைத் திறக்கும் உரிமையே பிறர் நெஞ்சைத் திறக்கும் உரிமையாகிவிடாது.

அகம், புறம் என்னும் இப்பாகுபாட்டை இக்கால எழுத்துக்குப் பொருத்திக் காணலாம். ஒருவர் தம் அதிகாரத்தால் பிறர்க்குச் செய்தது புறம். அது ஊரறிய வேண்டியது. அதை எழுத அவருடைய இசைவு வேண்டுவதில்லை. உண்மை மட்டும் வேண்டும். ஒருவர் தம் வீட்டுக்குள், தம் மனத்துக்குள், யாருக்கும் தீங்கின்றிப் பட்ட துயரமும் நாணமும் அகம். அதை எழுதுங்கால் அவர் இன்னார் என்று தோன்றாதபடி காத்தல் எழுத்தாளனின் கடன். கிராணி குறைத்து எழுதிய எடை புறம். அதைக் கண்டும் வாய் திறவாது நின்ற தொழிலாளி அன்றிரவு தன் மனைவியிடம் சொல்லி அழுதது அகம். இரண்டும் ஒரே கதையில் வரலாம். ஆனால், இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் நிறுத்தலாகாது.

வாழ்க்கை எப்போதும் இவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை என்பதும் உண்மையே. வீட்டுக்குள்ளேயே கொடுமை நிகழும்போது அகமும் புறமும் கலந்துவிடுகின்றன. குடித்துவிட்டு அடிக்கும் தந்தையை எழுதினால், அடிபட்ட தாயும் வெளிப்பட்டுவிடுகிறாள். அத்தகைய இடத்தில் நெறி நூல் எதுவும் முழுத் துணையாகாது. தாயைக் கேட்பதும், கேட்க முடியாவிடின் அவள் இடத்தில் தன்னை வைத்துப் பார்ப்பதுமே வழி. சில கதைகள் அதனால் காலம் தாழ்ந்து எழுதப்படும். சில கதைகள் எழுதப்படாமலே போகும். எழுதப்படாத கதையால் இலக்கியத்திற்கு இழப்பு நேரலாம். அவ்விழப்பையும் ஏற்கும் துணிவு எழுத்தாளனுக்கு வேண்டும்.

மரமும் உளியும்

பால்மரத்தோடு வாழ்ந்த சமுதாயத்திற்கு இதை விளக்கப் பிற உவமை வேண்டா. அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் கைக்கோடரியால் மரத்தைக் கொத்தினர். பால் வந்தது, மரம் புண்பட்டது. 1890களில் சிங்கப்பூர்ப் பூமலையில் பணிபுரிந்த ரிட்லி, பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவி, அதே வெட்டை மீண்டும் மீண்டும் திறக்கும் முறையைக் கண்டு பரப்பினார். அம்முறையினால் ஒரே மரம் பல ஆண்டுகள் பால் தரலாயிற்று. அந்நுட்பத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கையில் கொண்டிருந்தவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். உளி மேலாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரத்தில் காயம் படும். அவ்விடத்தில் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகி, மறுபடி வெட்டுவதற்கு உதவாது. மங்கைப் பார்ப்பவருக்கு அன்றைய பால்தான் தெரியும். காயம் வெட்டியவருக்குத் தெரியும், மரத்திற்கும் தெரியும்.

அத்தோட்டங்கள் பலவும் இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. கதை வகுப்பு நடத்திய 'தமிழ் நேசன்' 2019ஆம் ஆண்டில் நின்றுவிட்டது. தோட்ட வாழ்க்கையை எழுதுவோரில் பலர், அதைப் பெற்றோர் வாயிலாகக் கேட்டு அறிந்தவர்களே. அடுக்குமாடி வீட்டின் தனிமையும், முதியோர் இல்லத்தின் மாலை வேளையும், தமிழ் பேசத் தயங்கும் பேரப்பிள்ளையின் பதிலும் இக்காலத்தின் பட்டறிவுகள். களம் மாறினாலும் கடன் மாறுவதில்லை. இன்று எழுத அமர்வோர், தம் நினைவில் முதலில் எழும் முகத்தை எண்ணிப் பார்க்கட்டும். அம்முகத்துக்குரியவர் உயிரோடு இருப்பின், எழுதுவதற்கு முன் ஒரு முறை சென்று அவர் அருகே அமரட்டும். அந்த நாளில் என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை பேசாதிருக்கட்டும்.